‘ஒண்ணுதானே ஆத்தா, சாப்பிடு’: வீட்டு அன்புக்கு நடுவே உடற்பயிற்சியை விடாமல் இருப்பது எப்படி?

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 39 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யாரென்று தெரிந்துவிடக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

திருமணமாகிப் பதினைந்து வருடம், இரண்டு பிள்ளைகள். இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது கர்ப்பகால சர்க்கரை வந்து, பிரசவத்துக்குப் பிறகு சரியாகிவிட்டது. சென்னையில் இருந்தவர்கள் மாமனார் மாமியாருக்குத் துணையாக மூன்று வருடத்துக்கு முன் ஊருக்கே வந்துவிட்டார்கள். எட்டு மாதத்துக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, 6.1 என்று வந்திருக்கிறது. சர்க்கரையால் கால் விரல்களை இழந்த அப்பாவைப் பார்த்து வளர்ந்தவர் இவர். பயந்துபோய் அடுத்த வாரமே விடியற்காலையில் ஊரணியைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். பிறகு வாரத்தில் இரண்டு நாள் காரைக்குடியில் ஜிம். 74 கிலோ இருந்தவர் இப்போது 67. உயரம் 154 செ.மீ.

பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. “முகமெல்லாம் வாடிப் போச்சு, நான் சோறு போடலைன்னு ஊரு நினைக்கும்” என்கிறார் மாமியார். சின்ன மாமியார் தனியாக அழைத்து, “சுகர் வந்துருச்சா? மறைக்காம சொல்லு” என்கிறார். நாத்தனார் கேட்டது, “இந்த வயசுல யாருக்குக் காட்ட இந்த ஜிம்மெல்லாம்?” கணவருக்கு மட்டும் ரிப்போர்ட் விவரம் தெரியும். ஆனால் அவரே ராத்திரி பரோட்டா வாங்கிவந்து, “ஒரு நாள்தானே” என்கிறார். மாமியாரும் பத்து வருடமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார். இருந்தாலும், “உங்க வீட்டு வியாதியை இங்க கொண்டு வந்துட்டியா” என்று கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் அவரிடம் வாசகி எதையும் சொல்லவில்லை.

போன மாதம் உறவில் ஒரு விசேஷம். யாரும் எதையும் திணித்துவிடக்கூடாது என்று பகல் முழுக்கப் பட்டினி கிடந்திருக்கிறார். ராத்திரி எல்லோரும் தூங்கியபின் அடுக்களையில் தனியாக நின்று ஆறேழு கந்தரப்பம் சாப்பிட்டுவிட்டு அழுதிருக்கிறார். அந்தக் குற்ற உணர்ச்சியில் அடுத்த நாலு நாள் நடக்கவும் போகவில்லை. இன்னும் இரண்டு மாதத்தில் மாமனாருக்கு எழுபதாம் வயதுச் சாந்தி. சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் உறவுகள் வர, நாலு நாள் அடுப்பு அணையாது.

அவர் கேட்கும் கேள்விகள் மூன்று. எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது என்று பொய் சொல்லிவிடலாமா, அப்படியாவது விட்டுவிடுவார்களா? சாந்தி முடியும்வரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பிறகு தொடங்கட்டுமா? என் மேல் உண்மையான அன்பு இருந்தால் இப்படிச் செய்வார்களா?

அன்புள்ள வாசகிக்கு,

மூன்றாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தின் பாரமெல்லாம் அதில்தான் இருக்கிறது.

நான் இந்தப் பக்கத்திலேயே பிறந்து, இங்கேயே இருபது வருடத்துக்கு மேல் சர்க்கரை நோயாளிகளைப் பார்த்துவருபவள். நம் வீடுகளில் அன்பை வாயால் சொல்லும் பழக்கம் கிடையாது. “சாப்பிட்டாச்சா” என்று கேட்பதுதான் அன்பு. உங்கள் மாமியார் நாற்பது வருடமாவது அந்த அடுக்களையை ஆண்டிருப்பார். வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும், கும்மாயம் எப்போது சட்டியில் ஒட்டாமல் திரண்டு வரும் என்பதெல்லாம் அவர் கையில் இருக்கும் ஞானம். பங்காளி வீடுகளில் அவர் பெயர் நிலைத்திருப்பதும் அதனால்தான் இருக்கும். நீங்கள் “வேண்டாம் அத்தை” என்று சொல்லும்போது, பணியாரம் வேண்டாம் என்பதாக அவர் காதில் விழாது. நீங்கள் வேண்டாம் என்பதாகத்தான் விழும்.

இன்னொன்றும் உண்டு. இளைப்பது என்றால் அவர்கள் தலைமுறைக்கு நோய். சர்க்கரை கட்டுமீறிப் போனவர்கள் காரணமே தெரியாமல் மளமளவென்று இளைப்பார்கள். சோதனை வசதி குறைவாக இருந்த காலத்தில், இளைத்த பிறகுதான் வியாதியே தெரியவரும். சின்ன மாமியார் உங்களைத் தனியாக அழைத்துக் கேட்டதை வம்பு என்று நினைத்திருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் யாரோ ஒருவரை அப்படிப் பறிகொடுத்திருக்கலாம். ஊர் முன்னால் கேட்காமல் ஓரமாக அழைத்துக் கேட்டிருக்கிறார், கவனித்தீர்களா?

ஆக, அன்பு இருக்கிறது. ஆனால் அன்பு இருக்கிறது என்பதற்காக நீங்கள் ஓர் அடிகூட விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. நாத்தனார் சொன்னது வேறு வகை, அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் ரிப்போர்ட் என்ன சொல்கிறது

ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. நாம் ‘பார்டர்’ என்கிறோமே, அதுதான். 6.5 அல்லது அதற்கு மேல் போனால் சர்க்கரை நோய். உங்களுடைய 6.1 நடுவில் நிற்கிறது. கர்ப்பகால சர்க்கரை வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 7 முதல் 10 மடங்கு அதிகம். அப்பாவுக்கும் இருந்திருக்கிறது. எனவே நீங்கள் பயந்தது மிகையே இல்லை. ஊரணிக்கரையில் நீங்கள் நடப்பது அழகுக்காக அல்ல, வைத்தியத்துக்காக.

அந்த வைத்தியம் வேலை செய்யும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. உங்களைப் போலப் பார்டரில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 2002-இல் வெளியானது. உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது, இந்த இரண்டும்தான் இலக்கு. அப்படிச் செய்தவர்களிடம் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. 74 கிலோவில் 7 சதவீதம் என்றால் 5 கிலோ சொச்சம். நீங்கள் 7 கிலோ குறைத்திருக்கிறீர்கள்! கடிதத்தில் எங்கேயும் நீங்கள் இதற்குச் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. இப்போதாவது படுங்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்று சென்னையில் நடந்து 2006-இல் வெளியானது. அதில் நடையும் உணவு மாற்றமும் சர்க்கரை நோய் வருவதை 28.5 சதவீதம் குறைத்தன. நான் நோயாளிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம் அதில் இருக்கிறது: அவர்களில் பெரும்பாலோருக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை. எடை மெஷினில் முள் அசையாவிட்டாலும் உள்ளே வேலை நடக்கிறது. தினமும் காலையில் எடை பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை விட்டுவிடுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை போதும், கூடவே மாதம் ஒரு முறை இடுப்பை டேப் வைத்து அளங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது.

‘எலும்பும் தோலுமாகிவிட்டாய்’ என்று யாராவது சொன்னால் கலங்காதீர்கள். உங்கள் உயரத்துக்கு 67 கிலோ என்றால் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 28-ஐத் தாண்டுகிறது. இந்தியர்களுக்கு 23-க்கு மேலே போனாலே அதிக எடை, 25-க்கு மேல் உடல் பருமன். 7 கிலோவை எட்டு மாதத்தில் குறைத்திருக்கிறீர்கள், மாதத்துக்கு ஒரு கிலோகூட இல்லை. இது பாதுகாப்பான வேகம்.

சொல்லாத காரணத்தை யார் மதிக்க முடியும்?

இந்த இடத்தில் நீங்கள் தவறாக நினைத்திருக்கிறீர்கள், அதைச் சொல்லியாக வேண்டும். ‘வீட்டில் யாருமே என் முயற்சியை மதிக்கவில்லை’ என்கிறீர்கள். ஆனால் உங்கள் கணவரைத் தவிர அந்த வீட்டில் யாருக்கும் நீங்கள் ஏன் நடக்கிறீர்கள் என்றே தெரியாது. திடீரென்று மருமகள் விடியற்காலையில் ஷூ போட்டுக்கொண்டு கிளம்புகிறாள், ஜிம்முக்குப் போகிறாள், சோற்றைத் தொட மாட்டேன் என்கிறாள். காரணம் தெரியாதபோது அவரவர் மனதுக்குப் பட்டபடி ஒரு காரணம் வைத்துக்கொள்வார்கள். மாமியார் தன் சமையல் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொண்டார். சின்ன மாமியார் வியாதி என்று வைத்துக்கொண்டார். நாத்தனார் வேறொன்று வைத்துக்கொண்டார்.

சர்க்கரை வந்துவிட்டது என்று பொய் சொல்ல வேண்டாம். பொய் உங்களைக் காப்பாற்றாது. “எந்த டாக்டர், என்ன மாத்திரை?” என்று மலேசியாவிலிருந்து வந்த பெரியம்மா வரை கேட்பார்கள். அதோடு, பொய் தேவையே இல்லையே? உங்கள் கையில் இருக்கும் உண்மையே போதும்.

மாமியாரிடம் முதலில் சொல்லுங்கள், சாந்திக்கு முன்பே சொல்லுங்கள், தனியாகச் சொல்லுங்கள். இலை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது வேண்டாம், அப்போது அது மறுப்புக்குச் சொல்லும் சாக்காகத் தெரியும். சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு பட்டாலையில் அவர் கொஞ்சம் ஓய்வாக உட்காரும் நேரம் பாருங்கள். ரிப்போர்ட்டை எடுத்துப்போய்க் கையில் கொடுங்கள். “அத்தை, சின்னவன் வயித்துல இருந்தப்ப சுகர் வந்துச்சுல்ல, அது திரும்ப வரப் பார்க்குது. இப்ப பார்டர்ல இருக்கு. எங்கப்பா கால் விரலை எடுத்தப்ப நான் ஆஸ்பத்திரியில கூட இருந்தேன். எனக்கு பயமா இருக்கு. உங்க கைச் சமையல் வேணாம்னு சொல்லலை. நீங்கதான் எனக்கு உதவி பண்ணணும்.” இதே வார்த்தைகள் வேண்டியதில்லை. ஆனால் ‘பயமாக இருக்கிறது’ என்பதையும் ‘உதவி பண்ணுங்கள்’ என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

“உங்க வீட்டு வியாதி” என்று அவர் சொல்லிவிட்டால்? சொல்லலாம், வலிக்கத்தான் செய்யும். 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின்படி தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஏழு பேரில் ஒருவர். அது உங்கள் வீட்டு வியாதியும் இல்லை, அவர் வீட்டு வியாதியும் இல்லை. ஆனால் அந்தக் கணத்தில் இந்தக் கணக்கை எடுத்து வைத்து வாதாடாதீர்கள். “ஆமா அத்தை, அதான் என் பிள்ளைகளுக்கு வரக்கூடாதுன்னு பார்க்கிறேன்” என்று சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் பெயர் வந்துவிட்டால் பேச்சின் போக்கே வேறாகிவிடும்.

பத்து வருடமாக மாத்திரை சாப்பிடுபவர் அவர். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தாலே, சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரை நன்றாக மட்டுப்படும். உங்கள் வீடு பழைய காலத்து வீடு, முன் வாசல் ஒரு தெருவிலும் பின் கட்டு அடுத்த தெருவிலும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வளவைச் (நடு முற்றத்தை) சுற்றியுள்ள தாழ்வாரத்தில் அவரையும் கூட்டிக்கொண்டு நடங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊரணிப் பக்கம் போக முடியாதபோதும் அதே தாழ்வாரம் உங்களுக்கு உதவும். ஒரு எச்சரிக்கை: கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வேகமாக நடந்தால் சர்க்கரை இறங்கிவிடலாம். அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள், மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள்.

‘சாந்தி முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்’

கூடாது. சாந்தி முடிந்தால் ஆடி வரும், நவராத்திரி வரும், தீபாவளி, பிள்ளையார் நோன்பு, பொங்கல். நடுவில் கல்யாணங்கள், காதுகுத்து, புதுமனை. நம் ஊரில் ‘முடிந்த பிறகு’ என்று ஒரு மாதம் வரவே வராது. உடலும் காத்திருக்காது. ஒரு நாள் நடையால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் அந்தப் பலன் இரண்டு, மூன்று நாளில் தேய்ந்துவிடும். அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்று சொல்கிறோம்.

சாந்தி வாரத்துக்கும் இதையே வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் ஜிம் வேண்டாம். எடை குறைய வேண்டும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் நடக்காமல் இருக்காதீர்கள். நாற்பது நிமிடம் கிடைக்காவிட்டால் பதினைந்து. வீடு நிறைய ஆள் இருக்கும் நாளில் விடியற்காலை ஐந்தரைக்கு ஊரணிக்கரைக்குப் போய்விட்டு வந்தால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. வந்திருக்கும் அண்ணமிண்டிமாரையும் (அண்ணன் மனைவிமாரையும்) பெண்களையும் கூடக் கூப்பிடுங்கள். யாராவது ஒருத்தி நிச்சயம் வருவாள், அவளுக்கும் ஒரு ரிப்போர்ட் பெட்டியில் இருக்கும்.

பந்தி விஷயத்துக்கு வருவோம். போன மாதம் நடந்ததை மன உறுதி இல்லாததால் நடந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இல்லை. பகல் முழுக்கப் பட்டினி போட்ட உடல் ராத்திரி தன் பாக்கியை வசூலித்துக்கொண்டது. யாராக இருந்தாலும் அப்படித்தான் நடக்கும். விசேஷ வீட்டில் வீட்டு மருமகள் எப்போது சாப்பிடுகிறாள் என்று யோசித்துப் பாருங்கள். எல்லோருக்கும் ‘வாங்க’ சொல்லி, பந்தி பந்தியாகக் கவனித்து, கடைசிப் பந்தியில் மூன்று மணிக்கு உட்காருகிறாள். அந்தப் பசியில் எதிரே இருக்கும் இலையில் எது அளவு, எது மிஞ்சினது என்று யாராலும் பார்க்க முடியாது.

எனவே காலையில் ஒழுங்காகச் சாப்பிடுங்கள். பதினோரு மணிக்கு அடுக்களையிலேயே ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு டம்ளர் மோரும் எடுத்துக்கொள்ளுங்கள். விசேஷ நாளில் முட்டை கிடைக்காது, மற்ற நாளில் இரண்டு முட்டை. பிறகு இலையில் உட்காரும்போது துவட்டல், மண்டி, கூட்டு, பச்சடி இவற்றை முதலில், தாராளமாகக் கேட்டு வாங்குங்கள். நம் செட்டிநாட்டுச் சமையலில் காய்க்குப் பஞ்சமே இல்லை, நாம்தான் அதை ஓரத்தில் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு வைத்துவிட்டோம். சோறு கொஞ்சம். இனிப்பில் உங்களுக்கு உண்மையிலேயே பிடித்தது எதுவோ அதில் ஒன்று, உட்கார்ந்து, எல்லோர் கண் முன்னாலும், ருசித்துச் சாப்பிடுங்கள். ஒளிந்து சாப்பிடும் ஆறைவிட எதிரே உட்கார்ந்து சாப்பிடும் ஒன்று உடம்புக்கும் நல்லது, மாமியார் மனதுக்கும் நல்லது.

இரண்டாவது வைக்க வருபவரிடம் காரணம் சொல்லத் தொடங்காதீர்கள். காரணம் சொன்னால் பதில் வரும். “ரொம்ப நல்லா இருந்துச்சு, போதும்” என்று சிரித்துக்கொண்டே இலைக்குக் குறுக்கே கையைக் காட்டுங்கள். மறுபடி வந்தாலும் அதே வார்த்தை. இன்னொரு வழியும் உண்டு. நீங்களே பரிமாறும் பக்கம் போய்விடுங்கள். கையில் வாளி இருப்பவளை யாரும் வற்புறுத்துவதில்லை!

ராத்திரித் தனிமைச் சாப்பாடு ஒரே ஒரு தடவை நடந்ததென்றால் அதை மறந்துவிடுங்கள், மறுநாள் எப்போதும் போல நடக்கப் போய்விடுங்கள். ஆனால் கை நிற்காமல் அளவில்லாமல் சாப்பிடுவது, பிறகு வெட்கமும் அழுகையும், இது வாரம் ஒரு முறையாவது மூன்று மாதம் தொடர்ந்தால் அதற்குத் தனியாகப் பெயரும் சிகிச்சையும் இருக்கின்றன. மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ தயங்காமல் பாருங்கள். சோற்றை அடியோடு விட்டதாக எழுதியிருப்பதையும் மாற்றிக்கொள்ளுங்கள். அடியோடு விட்டது எதுவும் ஒரு நாள் மொத்தமாகத் திரும்பி வரும். மதியம் ஒரு கிண்ணம் சோறு, அதற்கு இரண்டு பங்கு காய், கூடவே பருப்போ மீனோ முட்டையோ. உங்கள் எடைக்கு நாளைக்கு ஏறக்குறைய 55 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. நீங்கள் சாப்பிடுவதாக எழுதியிருப்பதைக் கூட்டிப் பார்த்தால் அதில் பாதிகூடத் தேறாது. முடி கொட்டுகிறது, களைப்பாக இருக்கிறது என்கிறீர்களே, அதற்கு ஒரு காரணம் இதுவாக இருக்கலாம். முகம் வாடிவிட்டது என்று மாமியார் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள், அதில் கொஞ்சம் உண்மை இருக்கக்கூடும்.

உங்களிடம் சொல்லப்பட்ட சில விஷயங்கள்

“கவுனி அரிசி சுகருக்கு நல்லது, எவ்வளவு வேணாலும் சாப்பிடலாம்.” கவுனி அரிசி தவிடு நீக்காத தானியம், நார்ச்சத்து வெள்ளை அரிசியைவிட அதிகம். அதைச் சோறாக அளவோடு சாப்பிட்டால் நல்லதுதான். நாம் செய்வது அப்படியா? சீனி, நெய், தேங்காய் எல்லாம் சேர்த்த பிறகு அது இனிப்பு. இனிப்பாகவே கணக்கில் வையுங்கள்.

“கருப்பட்டி போட்டது, ஒண்ணும் பண்ணாது.” பண்ணும். கருப்பட்டியிலும் வெல்லத்திலும் பெரும்பகுதி சர்க்கரைதான். ரத்தத்துக்கு இவையும் சீனியும் ஏறக்குறைய ஒன்றே.

“பொம்பளைங்க எடை தூக்கினா கர்ப்பப்பை இறங்கிடும்.” இதைக் கேட்டு நீங்கள் ஜிம்மை நிறுத்தலாமா என்று யோசித்திருக்கிறீர்கள். கர்ப்பப்பை இறக்கத்துக்கு முக்கியக் காரணங்கள் பல பிரசவங்கள், வயது, உடல் பருமன், நாள்பட்ட இருமல், மலச்சிக்கலில் முக்குவது ஆகியவை. சிறிய எடையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி, மூச்சை அடக்காமல் செய்யும் பயிற்சி உங்கள் வயதில் மிகவும் தேவை. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. இதைச் சொன்ன அத்தையே அந்தக் காலத்தில் பித்தளை அண்டாவைத் தூக்கி இறக்கியவராக இருப்பார். அடிவயிற்றில் கனமாக இருப்பதோ ஏதோ கீழே இறங்குவது போலத் தோன்றுவதோ இருந்தால் மட்டும் நிறுத்திவிட்டு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

கண்ணேறு பற்றியும் எழுதியிருந்தீர்கள். அத்தை சுற்றிப்போட விரும்பினால் போடட்டும். நடையை நிறுத்தச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள்.

கணவரிடமும் நாத்தனாரிடமும்

உங்கள் கணவர்தான் எனக்குக் கவலை. மற்றவர்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். தெரிந்தும் பரோட்டாவோடு வருகிறார் என்றால், கெடுக்க வேண்டும் என்று இருக்காது. முன்பெல்லாம் பிள்ளைகள் தூங்கிய பிறகு இரண்டு பேரும் அதைப் பிரித்துச் சாப்பிட்டபடி பேசிக்கொண்டிருப்பீர்கள் என்று நீங்களே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு அந்த நேரம் வேண்டியிருக்கிறது. அதை எடுத்துவிடாதீர்கள். அதே நேரத்தில் தாழ்வாரத்தில் கூட நடந்தபடி பேசச் சொல்லுங்கள், அல்லது ஞாயிறு காலையில் ஊரணிக்கு வரச் சொல்லுங்கள். பரோட்டா மாதம் ஒரு முறை, நாள் குறித்து, சேர்ந்தே சாப்பிடுங்கள். “எனக்குப் பிடிக்கும்னு வாங்கிட்டு வர்றீங்க, எனக்குத் தெரியும். ஆனா அதை வேண்டாம்னு சொல்ற வேலையை ராத்திரி ராத்திரி என்கிட்ட விடாதீங்க” என்று ஒரு முறை நேராகவே சொல்லுங்கள். சாந்தியின்போது உறவினர் முன்னிலையில் உங்களுக்காக ஒரு வார்த்தை பேச வேண்டியவரும் அவர்தான். மருமகள் பத்துத் தடவை சொல்வதை விட, “அவளை விடுங்க ஆத்தா, டாக்டர் சொல்லித்தான் நடக்கிறா” என்று மகன் ஒரு தடவை சொல்வது நம் வீடுகளில் எடுபடும். அது நியாயமா என்றால், இல்லை. ஆனாலும் இந்த இரண்டு மாதத்துக்குள் பயன்படக்கூடியது அது.

நாத்தனாரின் பேச்சை நான் அன்பில் சேர்க்கவில்லை. “யாருக்குக் காட்ட” என்பது ஒரு பெண்ணை வீட்டுக்குள் உட்காரவைக்கச் சொல்லும் சொல். அதற்கு விளக்கம் கொடுக்காதீர்கள். “எனக்காகத்தான்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இப்போதைக்கு உங்கள் கடிதத்தில் இருப்பது நச்சரிப்பு, அவ்வளவுதான். ஆனால் நாளை யாராவது வெளியே போகக்கூடாது என்று தடுத்தாலோ, மருந்துக்கும் சோதனைக்கும் பணம் தர மறுத்தாலோ, தொடர்ந்து அவமானப்படுத்திப் பேசினாலோ அது வேறு விஷயம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. வார்த்தையால், மனதால், பணத்தால் செய்யும் கொடுமையையும் அதில் சேர்த்திருக்கிறது. 181 என்ற மகளிர் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். உங்களுக்குத் தேவைப்படாது என்றே நம்புகிறேன். இதைப் படிக்கும் வேறொருவருக்குத் தேவைப்படலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

ஹீமோகுளோபின், தைராய்டு, ஹெச்பிஏ1சி மூன்றையும் பார்த்துவிடுங்கள். களைப்பும் முடி கொட்டுவதும் இருப்பதால் முதல் இரண்டும் கட்டாயம் வேண்டும். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். அப்படியானால் வெறும் வயிற்றிலும், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் எடுக்கும் சோதனையை நம்புவது நல்லது. இனி சர்க்கரைச் சோதனையை வருடத்துக்கு ஒரு முறை தவறாமல் எடுக்க வேண்டும், 6.1 இறங்கி 5.6-க்கு வந்தாலும்கூட.

சோதனைக்குப் போகும்போது மாமியாரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவருக்கும் எடுக்க வேண்டிய நேரம் வந்திருக்கும், இரண்டு பேருக்கும் ஒரே நாளில் முடித்துவிடலாம். ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அவர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.